கோபியிலிருந்து டெல்லிக்கு மூன்று இரவு: ஆறு பேர் குடும்பப் பயணத் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்காரர் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்பில் ஒரு பெண், மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். ஆசிரியையின் அப்பாவும் அம்மாவும் கூட வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்புச்சி, அம்மிச்சி. அப்புச்சி எழுபதை நெருங்கினாலும் நன்றாக நடப்பார். அம்மிச்சிக்கு முழங்கால் வலி. படி ஏறிவிடுவார், இறங்குவதுதான் சிரமம். ஆறு பேருக்கும் டெல்லி புதிது. இந்தி யாருக்கும் வராது.

மூன்று தலைமுறை, ஒரே ஒரு விடுமுறை, ‘இவ்வளவு தூரம் போகிறோம், எல்லாத்தையும் பார்த்துவிட வேண்டும்’ என்ற ஆசை. கொங்குப் பக்கத்திலிருந்து தலைநகர் போகும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிளம்புகின்றன. அதனால்தான் இந்த ஒரு பயணத்தை எடுத்து, முதல் திட்டம் எங்கே இடித்தது, மாற்றியபோது என்ன கிடைத்தது, மாற்றிய பிறகும் எது தவறியது என்று முழுதாக எழுதுகிறோம்.

முதல் திட்டம்

சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் அது. சனிக்கிழமை காலை கோவையில் விமானம், செவ்வாய் காலை திரும்புதல். சனி மாலை இந்தியா கேட், குதுப்மினார், டில்லி ஹாட் கைவினை, உணவுச் சந்தை. ஞாயிறு முழுக்க ஆக்ரா. திங்கள் அன்று செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், ராஜ்காட், தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோவில், ஹுமாயூன் சமாதி, அக்‌ஷர்தாம் கோவில். ஆக்ராவையும் சேர்த்தால் 12 இடம்.

இதில் பெரிய ஓட்டை திங்கட்கிழமைதான். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோவில், அக்‌ஷர்தாம் நான்குக்கும் திங்கள் விடுமுறை. அன்றைக்கு எழுதி வைத்த எட்டு இடங்களில் சரிபாதி பூட்டிக் கிடக்கும். பிரதமர்கள் அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், சரோஜினி நகர் சந்தை ஆகியவையும் திங்கள் கிடையாது. குதுப்மினாரும் ஹுமாயூன் சமாதியும் எல்லா நாளும் திறந்திருக்கும். சாந்தினி சௌக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு அடைப்பு. உயிரியல் பூங்காவுக்கும் ஆக்ராவின் தாஜ்மகாலுக்கும் வெள்ளி விடுமுறை. இந்த நான்கு வரியை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டுதான் விமான டிக்கெட்டையே தேட வேண்டும். பெரும்பாலானவர்கள் டிக்கெட் மலிவாகக் கிடைத்த நாளைப் பிடித்துவிட்டு, அதற்குள் இடங்களைத் திணிக்கப் பார்க்கிறார்கள். டெல்லியைப் பொறுத்தவரை முதலில் கிழமை, அடுத்து திசை, கடைசியில்தான் இடம்.

திசைக் கணக்கும் இந்தப் பட்டியலில் இல்லை. செங்கோட்டை நகரத்தின் வடக்கே, பழைய டெல்லியில். குதுப்மினார் தெற்குக் கோடியில் மெஹ்ரோலியில். அக்‌ஷர்தாம் யமுனைக்கு அக்கரையில். ஒரே நாளில் இவற்றைக் கோத்தால், காலையில் சத்தி, மத்தியானம் பெருந்துறை, பொழுதுசாய அந்தியூர் என்று அலைகிற கதைதான். பார்த்த நேரத்தைவிட வண்டியில் உட்கார்ந்த நேரம் அதிகமாகும்.

வந்து இறங்கும் நாளுக்கு மூன்று இடம் வைத்தது அடுத்த பிழை. விமானம் 3 மணி நேரம்தான். ஆனால் கோபியில் வீட்டைப் பூட்டிக் கிளம்பி நம்பியூர், அவிநாசி வழியாகப் பீளமேடு விமான நிலையம் சேர 2 மணி நேரம், அங்கே 2 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், டெல்லியில் பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி, விடுதிக்கு ஒரு மணி. ஆக வாசலிலிருந்து வாசலுக்கு 9 மணி நேரம். விடியற்காலை 4 மணிக்கு எழுந்த முழங்காலை அன்றைக்கே குதுப்மினார் வளாகத்தில் நடக்க வைப்பது நியாயமில்லை.

ஆக்ரா என்ன ஆனது

திட்டம் மாறும்போது வீட்டில் எழுந்த ஒரே எதிர்ப்பு இதற்குத்தான். ‘ஏனுங் மாப்ள, இத்தனை தொலவு போயிட்டுத் தாஜ்மகால் பாக்காம வர்றதுங்களா? ஊர்ல கேட்டா என்ன சொல்றது?’ என்று அப்புச்சி கேட்டார். கேள்வி சரியானது. பதிலைக் கணக்காகத்தான் சொல்ல முடியும்.

டெல்லியிலிருந்து ஆக்ரா 200 கிலோமீட்டருக்கு மேல். காரில் போனால் வாசலுக்கு வாசல் போகவர 8 மணி நேரம் ஓடிவிடும். ரயிலில் கதிமான் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனில் காலை 8 மணி சுமாருக்குப் புறப்பட்டு 100 நிமிடத்தில் ஆக்ரா சேர்க்கும். திரும்பும் ரயில் மாலை 6 மணியை ஒட்டித்தான். டெல்லியில் மீண்டும் கால் வைக்க இரவு ஏழரை. வெள்ளியன்று அந்த ரயிலும் கிடையாது. எப்படிப் போனாலும் ஒரு முழு நாள். மூன்று இரவுப் பயணத்தில் முழு நாள் என்று இருப்பதே இரண்டு. அதில் ஒன்றைத் தாஜுக்குக் கொடுத்தால் டெல்லி ஒரு நாள் ஊராகிவிடும்.

அதனால் முடிவு இதுதான்: நான்காவது இரவு சேர்த்தால் ஆக்ரா உண்டு, இல்லையென்றால் இந்தத் தடவை இல்லை. தாஜுக்கு ஏறக்குறைய 80 ஆண்டுகள் முன்னால் எழுந்த ஹுமாயூன் சமாதி டெல்லியிலேயே இருக்கிறது. நான்கு பாகத் தோட்டம், உயர்ந்த மேடை, நடுவில் வெள்ளைப் பளிங்குக் குவிமாடம் என்று தாஜின் அமைப்புக்கு முன்மாதிரி அதுதான். அப்புச்சிக்கு இதைச் சொல்லிப் படம் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். முழு ஆறுதல் என்று சொல்ல மாட்டோம், நல்ல மாற்று.

கிழமையும் பருவமும்

ஆசிரியையும் பிள்ளைகளும் இருப்பதால் பள்ளி விடுமுறைக்குள்தான் போக முடியும். நமக்குக் கிடைக்கும் விடுமுறைகளில் டெல்லிக்குப் பொருந்துவது காலாண்டுத் தேர்வு விடுமுறை ஒன்றுதான் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. மே மாதம் 42 முதல் 45 டிகிரி வெயில். கல் பாவிய முற்றங்களில் பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது. அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் மூடுபனிக் காலம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை காலை விமானங்களும் வடக்கு ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். குடியரசு தின ஒத்திகையால் ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து கர்த்தவ்ய பாதை பக்கம் போக்குவரத்து அடைபடும், செங்கோட்டையையும் மூடுவார்கள். தீபாவளியை ஒட்டி நவம்பர் வரை புகைமூட்டம். இளைப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. பருவமழை செப்டம்பர் 25 வாக்கில் டெல்லியை விட்டு விலகும். அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் வானம் தெளிவாக இருக்கும். பகலில் 34, 35 டிகிரி, விடியலில் இதமான காற்று. நம் காலாண்டு விடுமுறை சரியாக அங்கே வந்து விழுகிறது.

வீட்டுக்காரருக்கு ஒரே நிபந்தனை, ஆயுத பூஜைக்குப் பட்டறையில் இருந்தாக வேண்டும். அந்த ஆண்டு பூஜை விடுமுறை முடிந்த பிறகே வந்ததால் சிக்கல் வரவில்லை. பூஜை விடுமுறைக்குள்ளேயே விழும் ஆண்டில் இது இடிக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். நவராத்திரி நாட்களில் செங்கோட்டை மைதானத்தில் ராம்லீலா நடக்கும். மாலையில் பழைய டெல்லி நெரிசலில் மூச்சுவிடாது. காலையிலேயே அந்தப் பக்கத்தை முடித்துவிட வேண்டும். அக்டோபர் 2 குறுக்கே வந்தால் அன்று ராஜ்காட் வேண்டாம்.

இத்தனையும் வடிகட்டியதில் செவ்வாய் காலை கிளம்பி வெள்ளி மாலை திரும்புவது என்று ஆயிற்று. திங்கள் அடைப்பும் ஞாயிறு அடைப்பும் ஒருசேரத் தப்பின. வாரநடு விமானக் கட்டணம் சனி ஞாயிறைவிடப் பெரும்பாலும் குறைவு என்பது கூடுதல் லாபம்.

தங்கும் இடம்

புது டெல்லி ரயில் நிலையத்தை ஒட்டிய பஹாட்கஞ்ச் மலிவு. விமான நிலைய மெட்ரோ பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் சந்துகள் குறுகல், இரவு வெகுநேரம் சத்தம், பல விடுதிகளில் லிப்ட் இல்லை. கரோல்பாக் சற்று விலை கூட. தெருக்கள் அகலம், நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் அங்கே உண்டு, மெட்ரோ நீலப் பாதையில் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்குக் கரோல்பாக் என்றே முடிவானது. பதிவுக்கு முன் போனில் கேட்டவை: லிப்ட் இருக்கிறதா, மேல்நாட்டுக் கழிப்பறையா, மூன்று பேர் படுக்கும் அறை இரண்டு ஒரே மாடியில் கிடைக்குமா, மெட்ரோ வாசலுக்கு எத்தனை நிமிட நடை. ‘மெட்ரோ பக்கம்தான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். வரைபடத்தில் அளந்து பார்த்து 400 மீட்டருக்குள் இருந்தால் மட்டும் எடுங்கள். நாளின் கடைசி 400 மீட்டர்தான் முழங்காலுக்கு நீளம்.

நாள்வாரியாக

செவ்வாய்: மத்தியானம் விடுதி. சாப்பிட்டு ஒரு தூக்கம். மாலை 5 மணிக்கு இந்தியா கேட்டும் தேசியப் போர் நினைவகமும் மட்டும். 1931இல் திறந்த இந்தியா கேட் 42 மீட்டர் உயரம். அதன் பின்னால் 2019இல் திறந்த நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கருங்கல் பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலை வரிசையில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்கிறார். பிள்ளைகளை அங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மெட்ரோவில் போனால் எந்த நிலையத்தில் இறங்கினாலும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் நாள் அதற்கு ஆட்டோதான் சரி.

ஆட்டோ பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. டெல்லி ஆட்டோவில் மூன்று பேர். ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ. ஆப் டாக்சி சாதாரணக் காரில் நான்கு பேர்தான். பெரிய கார் கேட்டால் வர நேரமாகும், கட்டணமும் ஒன்றரை மடங்கு. இரண்டு ஆட்டோவில் போவதில் ஒரே ஆபத்து, இரண்டும் வெவ்வேறு வாசலில் இறக்கிவிடுவது. இந்தியா கேட் ஒரு வட்டச் சாலையின் நடுவே நிற்கிறது. இந்தக் குடும்பத்தின் இரண்டு ஆட்டோவும் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றுவிட்டன. ஒன்று சேர இருபது நிமிடம் போனது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆட்டோவிலும் இணைய வசதியுள்ள ஒரு போன், ஏறுவதற்கு முன்பே ஒரே இடக்குறியை இரண்டு ஓட்டுநருக்கும் காட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். இந்தி தெரியாத குறையையும் அந்தக் குறியே தீர்த்தது.

புதன் காலை: செங்கோட்டை. கரோல்பாக்கிலிருந்து லால் கிலா நிலையத்துக்குப் போக வரைபடம் ராஜீவ் சௌக்கிலும் மாறச் சொல்லும். வேண்டாம். அது நகரத்தின் நெரிசல் மிகுந்த சந்திப்பு. இன்னும் இரண்டு நிலையம் தள்ளி மண்டி ஹவுஸில் இறங்கி ஊதாப் பாதைக்கு மாறினால் கூட்டம் குறைவு. லால் கிலா அங்கிருந்து நாலாவது நிலையம். பெண்களுக்கென்று ஒரு பெட்டி முன்னால் உண்டு. ஆனால் குடும்பமாகப் போகும்போது பிரிந்து ஏறாதீர்கள். இறங்கும் நிலையத்தில் ஒருவர் தவறினாலும் அரை மணி நேரம் வீண்.

கோட்டை திறப்பு ஒன்பதரை. ஒன்பதேகாலுக்கு லாகோரி வாசலில் நின்றால் சோதனை வரிசை குறுகல், வெயிலும் ஏறியிருக்காது. ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்தது. வாசலுக்கு உள்ளே கூரை போட்ட கடைத்தெருவில் நின்று பேரம் பேசத் தொடங்கினால் அரை மணி நேரம் கரையும். திரும்பும்போது பார்க்கலாம் என்று நேரே உள்ளே போய்விட வேண்டும். திவானே ஆம், திவானே காஸ் என்ற அரசவை மண்டபங்கள் இரண்டும் பார்த்துத் திரும்ப 2 மணி நேரம் போதும். வாசலில் ‘இன்னைக்குக் கோட்டை லீவு, வேறு இடம் காட்டறேன்’ என்று இந்தியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் ஒருவர் வந்து சொல்வார். நம்பிப் போனால் கமிஷன் கடை ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார். கிழமை தெரிந்தவர்களிடம் இந்த வேலை செல்லாது.

எதிரே சாந்தினி சௌக். காலை 9 முதல் இரவு 9 வரை பெருந்தெருவில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. இரண்டு பெரியவர்களுக்கு ஒன்று, ஏறும் முன் விலை பேசிவிட வேண்டும். சீக்கியர் கோவிலான சீஸ்கஞ்ச் குருத்வாராவில் தலையை மூடி, காலைக் கழுவி உள்ளே போனால் லங்கர் என்ற உணவுக்கூடத்தில் ரொட்டியும் பருப்பும் வயிறாரக் கிடைக்கும், காசு கிடையாது. தரையில் உட்கார வேண்டியிருக்கும். அம்மிச்சி சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பையனுக்கு அந்த நாளில் பிடித்தது கோட்டையில்லை, லங்கர்தான். ஒரு மணிக்கு விடுதி திரும்பி மூன்றரை வரை ஓய்வு. இந்த மத்தியான இடைவெளியைத் திட்டத்தில் எழுதியே வைக்க வேண்டும். ‘நேரம் இருந்தால் ஓய்வு’ என்று விட்டால் அது வராது.

புதன் மாலை: அக்‌ஷர்தாம். முழுப் பயணத்திலும் அதிக முன்தயாரிப்பு கேட்கும் இடம் இதுதான். நீலப் பாதை யமுனா பேங்க் நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வைசாலி போகும், மற்றது நொய்டா. அக்‌ஷர்தாம் நொய்டா கிளையில் முதல் நிலையம். ரயிலின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஏறினால் பாதி வாய்ப்பு வைசாலிதான். அப்படி ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். யமுனா பேங்கில் இறங்கி நொய்டா ரயிலுக்கு நின்றால் போதும்.

உள்ளே போன், ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க், கேமரா, பை எதற்கும் அனுமதி இல்லை. பொருள் பாதுகாப்பறையில் கொடுத்துச் சீட்டு வாங்க மாலையில் அரை மணி வரிசை சகஜம். கூடியவரை விடுதியிலேயே வைத்துவிட்டு, ஆறு பேருக்கு ஒரு போன் மட்டும் கொண்டுபோனால் வரிசை சுருங்கும். போன் இல்லையென்றால் இரண்டு சங்கடம் வரும். ஒன்று, பிரிந்தால் அழைக்க வழியில்லை. பிள்ளைகள் சட்டைப் பையில் விடுதி முகவரி எழுதிய தாள் வேண்டும், சந்திக்கும் இடத்தை நுழைந்ததுமே காட்டிவிட வேண்டும். இரண்டாவதைப் பலரும் யோசிப்பதில்லை: ஜிபே வேலை செய்யாது. உள்ளே உணவுக்கும் நீரூற்றுக் காட்சி டிக்கெட்டுக்கும் ரொக்கம் வேண்டும். இந்தக் குடும்பத்தில் பணப்பையில் இருந்தது 300 ரூபாய். காட்சி டிக்கெட் பெரியவர்களுக்கே 100 ரூபாய் சுமார் என்பதால் ஆறு பேருக்குப் பற்றவில்லை. வெளியே வந்து பணம் எடுத்து மறுபடி வரிசையில் நிற்க நேரமில்லாமல், பிள்ளைகள் இருவரும் அவர்கள் அம்மாவும் மட்டும் பார்த்தார்கள். 2,000 ரூபாய் ரொக்கம் என்று திட்டத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. சக்கர நாற்காலி கேட்டால் முன்பணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். அம்மிச்சிக்குப் பேருதவியாக இருந்தது. காட்சிக்குப் படிக்கட்டில்தான் உட்கார வேண்டும், மேல்வரிசையைப் பிடித்தால் இறங்க வேண்டியதில்லை.

வியாழன்: தெற்கு. காலை 7 மணிக்கே கிளம்பி ராஜீவ் சௌக்கில் மஞ்சள் பாதைக்கு மாறினால் அலுவலக நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். குதுப்மினார் நிலையத்திலிருந்து வளாகம் 2 கிலோமீட்டருக்குள், ஆட்டோ பிடிக்க வேண்டும். கோபுரம் 72.5 மீட்டர், 379 படி. 1981 டிசம்பரில் உள்ளே நெரிசலில் 45 பேர் இறந்ததிலிருந்து ஏற அனுமதி இல்லை. இதைப் பிள்ளைகளிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் முகம் வாடிவிடும்.

இந்த வளாகத்தில் நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டியது இரும்புத் தூண். உயரம் 7 மீட்டருக்கு மேல், எடை 6 டன்னுக்கு மேல், வயது சுமார் 1,600 ஆண்டு. மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடித்து அரிக்கவில்லை. உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருந்ததால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் படிந்ததே காரணம் என்று ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆய்ந்து விளக்கினார். சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில், நொய்யல் கரையில், இந்தத் தூணுக்கும் பல நூறு ஆண்டு முன்பே இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கொடுமணலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு இந்தத் தூண் வெறும் கம்பமாகத் தெரியாது. முன்பு பின்பக்கமாகச் சாய்ந்து கட்டிப்பிடிக்கும் வழக்கம் இருந்தது. கைபட்டுத் தேய்ந்ததால் 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து கார் பிடித்து ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். சிறு குன்றின் மேல் சுவாமிநாதசுவாமி, 1973இல் குடமுழுக்கு. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், 11 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அம்மிச்சி படி ஏறவில்லை. அடிவாரத்திலேயே மீனாட்சி, சுந்தரேசுவரர் சந்நிதிகள் இருப்பதால் குறை தெரியவில்லை. பழனியாண்டவரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரில் ஒரு மணி நேரம் தமிழ் காதில் விழுவதே தெம்பு.

ஹுமாயூன் சமாதிக்கு 3 மணிக்கு மேல் போங்கள். சிவப்புக் கல்லில் சாய்வெயில் படும் நேரம் அதுதான். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் உயரம். அம்மிச்சியும் பையனும் தோட்டத்தில் உட்கார்ந்துகொள்ள மற்றவர்கள் ஏறினார்கள். தாமரைக் கோவிலை இந்த நாளில் சேர்க்கச் சொல்லிப் பலரும் வற்புறுத்துவார்கள். 27 பளிங்கு இதழ்களோடு பார்க்க அழகான கட்டடம், சந்தேகமில்லை. ஆனால் வெட்டவெளி வரிசையில் நின்று உள்ளே பத்து நிமிடம் மௌனமாக உட்காருவதற்கு இந்த நாளின் மத்தியானத்தைக் கொடுப்பது, எட்டு வயதுப் பையனும் வலிக்கும் காலும் உள்ள குடும்பத்துக்குத் தகாது என்று நீக்கினோம். இரவு டில்லி ஹாட்டில் சாப்பாடு.

வெள்ளி காலை அறையைக் காலி செய்து பெட்டிகளை விடுதி வரவேற்பில் வைத்துவிட்டு மூன்று மூன்று பேராகப் பிரிந்தார்கள். அப்புச்சி, வீட்டுக்காரர், பையன் மூவரும் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம். ஆசிரியை, பெண், அம்மிச்சி மூவரும் தேசிய அருங்காட்சியகம். பத்தரை சென்டிமீட்டர் மட்டுமே உயரமுள்ள மொகஞ்சதாரோ நடன மங்கையையும் சோழர் வெண்கலங்களையும் பார்க்க இரண்டு மணி நேரம். மற்றக் கூடங்களை ஆசைப்பட்டு இழுக்க வேண்டாம். கடைசி நாளில் எல்லோரையும் ஒரே இடத்துக்கு இழுக்காததால் யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

விமான நிலையத்தில் தவறக்கூடிய ஒன்று முனையம். டி1 தனி இடம். டி3யிலிருந்து பல கிலோமீட்டர். டி1க்கு மெஜந்தா மெட்ரோ, டி3க்கு விமான நிலைய ஆரஞ்சு மெட்ரோ. ஒரே நிறுவனத்தின் விமானங்களே வெவ்வேறு முனையங்களில் புறப்படும். வந்து இறங்கிய முனையத்துக்கே திரும்பிப் போய்விடாமல், முந்தின நாள் போர்டிங் பாஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் பணமும்

உள்நாட்டு விமானத்தில் வழக்கமாக ஆளுக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, கச்சாயம், கடலை உருண்டை தாராளமாகக் கொண்டுபோகலாம். ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் போனால் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்; பெட்டிக்குள் வையுங்கள். பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும். கொப்பரைத் தேங்காய் எதிலுமே கூடாது. எண்ணெய் மிகுந்து தீப்பிடிக்கும் பொருள் என்று தடை. சாமிக்கென்று இரண்டு கொப்பரையைப் பெட்டியில் வைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

செலவில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தால் நுழைவுக் கட்டணத்தில் எதுவுமில்லை. தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குக் கீழ் இலவசம். குதுப்மினாரும் ஹுமாயூன் சமாதியும் பெரியவர்களுக்கு 40 ரூபாய், ஆன்லைனில் 35. நீரூற்றுக் காட்சி, அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்தும் ஆறு பேருக்கு 1,500 ரூபாய்க்குள் அடங்கும். மெட்ரோவின் மூன்று நாள் சுற்றுலா அட்டை 500 ரூபாய், அதில் 50 திரும்பக் கிடைக்கும். இந்தத் திட்டத்தில் ஒருவர் மூன்று நாளிலும் மெட்ரோவில் செலவழிப்பது அதில் பாதிகூட வராது. ஆளுக்கொரு க்யூஆர் டிக்கெட் போதும். மூன்றடிக்கு மேல் உயரமான பிள்ளைக்கும் முழு டிக்கெட். பெரிய செலவு விமானம், அறை, கார் மூன்றும்தான். முன்னதாகவே பதிந்தால் முதல் இரண்டும் இறங்கும். தெற்கும் கிழக்கும் ஒரே நாளில் சேராமல் பிரித்தால் மூன்றாவது இறங்கும்.

விமானம் கட்டுப்படியாகாதவர்களுக்கு ரயில். கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் கோவை, திருப்பூர், ஈரோடு வழியாக டெல்லி போகிறது. கொங்கு எக்ஸ்பிரஸ் கோவையிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீனுக்கு வாரம் ஒரு முறை. இரண்டிலும் ஏறக்குறைய 40 மணி நேரம், இரண்டு இரவு. மூன்றாம் வகுப்பு ஏசி கட்டணம் வழக்கமான விமானக் கட்டணத்தில் பாதிக்கும் கீழ். பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். காலாண்டு விடுமுறைத் தேதிகளுக்கு ஆறு படுக்கை ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் திறந்த அன்றே எடுக்க வேண்டும். தட்கலை நம்பி ஆறு பேர் கிளம்ப முடியாது, அதற்கும் இப்போது ஆன்லைனில் ஆதார் சரிபார்ப்பு வேண்டும். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலிருந்து இல்லை. போகவர ரயில் என்றால் நான்கு நாள் பயணத்திலேயே போகும், ஒன்பது நாள் விடுமுறையில் அது முடியாததல்ல. ஒரு வழி ரயில், ஒரு வழி விமானம் என்று வைத்தால் மிச்சமாகும் இரண்டு நாளில் ஒன்றை ஆக்ராவுக்குக் கொடுக்கலாம். அப்போது கொங்கு எக்ஸ்பிரஸ் எந்தக் கிழமை டெல்லி சேர்கிறது என்று பார்த்து, தாஜுக்கு வெள்ளி வராமலும் செங்கோட்டைக்குத் திங்கள் வராமலும் நாட்களை நகர்த்திக்கொள்ள வேண்டும்.